கள நோய்ப்பரவலியல் பயிற்சியின் வரலாறு

ஓர் ஊரில் வழக்கத்துக்கு மீறிப் பலர் ஒரே விதமாக நோயுறும்போது, அது எங்கிருந்து வந்தது, யாரைத் தாக்குகிறது, எப்படி நிறுத்தலாம் என்று அவ்விடத்துக்கே சென்று ஆராய்பவர் கள நோய்ப்பரவலியலாளர். செய்தித்தாள்கள் இத்துறையைத் தொற்றுநோயியல் என்றே எழுதுகின்றன. தொற்றாத நோய்களும் நஞ்சுகளும்கூட இதன் எல்லைக்குள் வருவதால் அப்பெயர் சற்றுக் குறுகியது.

இதற்கான முறையான பயிற்சி 1951-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கொரியப் போர் நடந்த காலம் அது. எதிரி கிருமி ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சமே, கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பணி என்ற அமைப்பை நிறுவ அலெக்சாண்டர் லாங்மியூருக்கு வழிவிட்டது. ஆனால் அதில் சேர்ந்த இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் துரத்தியது போலியோ போன்ற இயல்பான நோய்களைத்தான். வகுப்பறைப் பாடம் சில வாரங்களே. மீதி இரண்டு ஆண்டுகளும் சம்பளத்துடன் களப்பணி. தேய்ந்து ஓட்டை விழுந்த காலணியின் அடிப்பாகம் அவர்களது சின்னமானது.

1980-இல் தாய்லாந்து தன் பொதுச் சுகாதார அமைச்சகத்துக்குள்ளேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. வட அமெரிக்காவுக்கு வெளியே இதுவே முதலாவது. பயிற்சி பெறுபவர் அரசுப் பணியில் இருந்தபடியே கற்பார் என்பதுதான் இதன் உயிர்நாடி. வெளிநாட்டில் பட்டம் பெற்று அங்கேயே தங்கிவிடும் நிபுணரால் சொந்த நாட்டின் சுகாதாரத் துறைக்குப் பயன் குறைவு.

இந்தியாவில் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001-இல் இரண்டாண்டுப் பயிற்சியைத் தொடங்கியது. 2012-இல் தில்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம், அமெரிக்க முறையைப் பின்பற்றி இன்னொரு திட்டத்தை அமைத்தது.

தில்லித் திட்டத்தின் அலுவலர்கள் விரைவிலேயே கடினமான ஒரு புதிரைச் சந்தித்தனர். பீகாரின் முசாபர்பூரில் 1990-களிலிருந்தே லிச்சிப் பழப் பருவத்தில், விடியற்காலையில் குழந்தைகளுக்கு வலிப்பு வந்து, பலர் இறந்துகொண்டிருந்தனர். மூளைக்காய்ச்சல் வைரஸ், பூச்சிமருந்து, வெயில் என்று காரணங்கள் பலவாறு பேசப்பட்டன. 2014-இல் மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டு, 122 பேர் இறந்தனர்.

ஆய்வுக்குழு நோயுற்ற குழந்தைகளை நோயுறாத குழந்தைகளுடன் ஒப்பிட்டது. லிச்சி தின்றதும், முந்தைய இரவு உணவு உண்ணாததும் நோயுடன் சேர்ந்து வந்தன. இரத்தச் சர்க்கரை அளக்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது குறைந்திருந்தது. லிச்சியில் உள்ள நச்சுப்பொருளின் தடயம் சிறுநீரில் கிடைத்தது. வெறும் வயிற்றில் இருக்கும் மெலிந்த குழந்தையின் உடல் சர்க்கரை உண்டாக்குவதை அந்த நஞ்சு தடுக்கிறது. பரிந்துரைகள் எளியவை: பழத்தைக் குறைத்து, இரவில் சோறு கொடுத்தே குழந்தையைத் தூங்கவைக்க வேண்டும், வலிப்புடன் வந்தால் உடனே சர்க்கரையை அளந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். முடிவுகள் 2017-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியாயின.

பரிந்துரையை நிறைவேற்ற வேண்டியவர்கள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தினர். அங்கே சர்க்கரை அளக்கும் கருவியும் இரவில் பணியாளும் இல்லையென்றால் புலனாய்வின் பலன் குழந்தையை எட்டாது. 2019 கோடையில் முசாபர்பூரில் மீண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்.