நூற்பட்டியலின் கருத்துரு மாதிரிகள்

நூலகப் பட்டியலில் இடம்பெறுபவை எவை, அவற்றுக்கு இடையே உள்ள உறவுகள் என்ன என்பதை வரையறுக்கும் கட்டமைப்புகள் நூற்பட்டியலின் கருத்துரு மாதிரிகள் எனப்படும். பட்டியலாக்க விதிகள் ஒரு நூலின் விவரத்தை எழுதும் முறையைச் சொல்கின்றன. அந்த விவரம் எதைப் பற்றியது என்பதை மாதிரி சொல்கிறது. 1998இல் வெளியான எஃப்.ஆர்.பி.ஆர்., 2017இல் அதன் இடத்துக்கு வந்த எல்.ஆர்.எம். ஆகிய இரண்டும் முதன்மையானவை. இரண்டையும் வெளியிட்டது பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா.

முன்வரலாறு

கையில் உள்ள புத்தகமும் அதில் அடங்கிய படைப்பும் வேறு வேறு என்ற பார்வை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவாகிவிட்டது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் அச்சு நூல் பிரிவுத் தலைவர் அந்தோனியோ பனிஸ்ஸி 1841இல் 91 பட்டியலாக்க விதிகளை வெளியிட்டார். விதிகள் சிக்கலானவை, பட்டியல் முடியத் தாமதமாகிறது என்ற புகார்கள் எழுந்தன. 1847இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் முன் அவர் தம் முறைக்காக வாதாட நேர்ந்தது. ஒரு படைப்பின் பதிப்புகளும் மொழிபெயர்ப்புகளும் பட்டியலில் ஓரிடத்தில் சேர வேண்டும், ஆயினும் ஒன்றை மற்றொன்றாக வாசகர் மயங்கிவிடக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு.

அமெரிக்க நூலகர் சார்ல்ஸ் கட்டர், பட்டியல் வாசகருக்குச் செய்ய வேண்டிய பணிகளை 1876இல் வரையறுத்தார். சேமூர் லுபெட்ஸ்கி 1953இல் வெளியிட்ட ஆய்வு, தனித்தனி நேர்வுகளுக்காகப் பெருகிப்போன விதிகளைக் கேள்விக்கு உட்படுத்தியது. 1961இல் பாரிஸ் பட்டியலாக்க மாநாடு ஏற்ற கொள்கைகளில் அவர் செல்வாக்கு வெளிப்படை. அதே பத்தாண்டில் ஹென்ரியெட்டா ஏவ்ரம் தலைமையில் காங்கிரஸ் நூலகம் உருவாக்கிய மார்க் வடிவம் பட்டியலைக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஆனால் பழைய பட்டியல் அட்டையின் அமைப்பே மார்க்கிலும் நீடித்தது: பதிப்புக்கு ஒரு பதிவு, படைப்புகளின் உறவுகளோ பெரும்பாலும் குறிப்புரைகளுக்குள் முடங்கிக் கிடந்தன.

எஃப்.ஆர்.பி.ஆர்.

பட்டியலாக்கச் செலவு ஏறிக்கொண்டிருந்த நிலையில், ஒரு பதிவில் இன்றியமையாதவை எவை என ஆராய 1990ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் கருத்தரங்கு பரிந்துரைத்தது. இஃப்லா அமைத்த ஆய்வுக் குழுவுக்கு டாம் டெல்சி, பார்பரா டில்லட், எலைன் ஸ்வெனோனியஸ் முதலியோர் ஆலோசகர்களாக இருந்தனர். தரவுத்தள வடிவமைப்புக்காக பீட்டர் சென் 1976இல் முன்வைத்த உருபொருள்–உறவு முறையைக் குழு கையாண்டது. 1997இல் ஏற்கப்பட்ட அறிக்கை மறு ஆண்டு நூலாக வந்தது.

படைப்பு, வெளிப்பாடு, பதிப்பு, படி என்ற நான்கு அடுக்குகளே அறிக்கையின் மையம். திருக்குறளைக் கொண்டு இதை விளக்கலாம். வள்ளுவரின் அறிவாக்கம் படைப்பு. தமிழ் மூலம் ஒரு வெளிப்பாடு, ஜி.யு. போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னொரு வெளிப்பாடு. 1812இல் அச்சேறியது மூலத்தின் ஒரு பதிப்பு. அதில் ஒரு நூலகத்தின் அலமாரியில் இருக்கும் புத்தகம் படி. பரிமேலழகர் உரை குறளின் வெளிப்பாடு அன்று. குறளைச் சார்ந்த தனிப் படைப்பு.

நடைமுறைச் சோதனை

மாதிரியை உண்மைப் பதிவுகளில் பொருத்திப் பார்த்தபோது வெளிப்பாடு என்ற இரண்டாம் அடுக்கு தடுமாறியது. டோபியாஸ் ஸ்மோலெட்டின் 1771ஆம் ஆண்டு நாவலான 'ஹம்ஃப்ரி கிளிங்கர்' பற்றிய பட்டியல் பதிவுகளை ஓ.சி.எல்.சி. நிறுவனத்தின் எட்வர்ட் ஓ'நீல் 2002இல் ஆராய்ந்தார். எந்தப் பதிப்பில் எந்தப் பாடம் அச்சாகியிருக்கிறது என்பதைப் பதிவுகளை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதிப்பாசிரியர், முன்னுரை, ஓவியம் ஆகியவற்றின் மாற்றம் பதிவில் தெரிகிறது. பாடத்தின் மாற்றம் தெரிவதில்லை. வேர்ல்ட்கேட் கூட்டுப்பட்டியலை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டு ஆய்வோ, ஏறத்தாழ 78 விழுக்காட்டுப் படைப்புகளுக்கு ஒரே பதிப்புதான் உண்டு என மதிப்பிட்டது. ஆகவே நான்கு அடுக்குகளின் பயன், பலமுறை பதிப்பிக்கப்பட்டும் மொழிபெயர்க்கப்பட்டும் வரும் சிறுபான்மை நூல்களிலேயே குவிகிறது.

மூலமும் உரையும் ஒரே நூற்கட்டில் வரும் நூல்கள் இன்னொரு சிக்கலை எழுப்பின. அவை பல வெளிப்பாடுகளைத் தாங்கிய ஒரே பதிப்பு என்ற விளக்கத்தை இதற்கென அமைந்த பணிக்குழு 2011இல் முன்வைத்தது, எல்.ஆர்.எம். அதையே ஏற்றது.

ஆன்டாலஜியாக மாறுதல்

ஒரு துறையின் கருத்துகளையும் உறவுகளையும் கணினி கையாளும்படி வெளிப்படையாக வரையறுப்பது ஆன்டாலஜி என்ற பொருளை டாம் க்ரூபரின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரை பரவலாக்கியது. அருங்காட்சியகங்களுக்கான கருத்துரு மாதிரியான சிடாக் சி.ஆர்.எம்., 2006இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. அதன் அடிப்படை நிகழ்வு: ஒரு பொருள், அதை ஆக்கிய செயல், செய்தவர், காலம், இடம் ஆகியவற்றை அது இணைக்கிறது. நூலகத் தரப்பும் அருங்காட்சியகத் தரப்பும் 2003இல் கூட்டுக் குழு அமைத்து, எஃப்.ஆர்.பி.ஆர்.ஐ அதே முறையில் மாற்றி எழுதின.

இதற்கிடையே பெயர்களுக்கும் பொருள் தலைப்புகளுக்கும் தனி மாதிரிகள் வந்திருந்தன. எஃப்.ஆர்.பி.ஆர். உட்பட மூன்றும் தமக்குள் முரண்பட்டதால், பாட் ரீவா, பாத்ரிக் லெ பஃப், மாயா ஷுமர் ஆகியோர் அவற்றை எல்.ஆர்.எம். என்ற ஒரே மாதிரியாக ஒருங்கிணைத்தனர். இதில் உருபொருள்கள் பதினொன்று. பெயரும் அவற்றுள் ஒன்று. எனவே 'கல்கி', 'ரா. கிருஷ்ணமூர்த்தி' என்பவை ஒரே மனிதரைச் சுட்டும் இரு பெயர்களாகத் தனித்தனியே பதிவாகும். 'நபர்' என்பது உண்மையில் வாழ்ந்த மனிதருக்கு மட்டுமே உரியது. ஷெர்லக் ஹோம்ஸ் போன்ற கற்பனை மாந்தர் இதில் நூலாசிரியர் ஆக முடியாது. எல்.ஆர்.எம்.மின் ஆன்டாலஜி வடிவமான எல்.ஆர்.எம்.ஓ.ஓ. 2024இல் ஒப்புதல் பெற்றது.

இன்றைய நிலை

2010இல் வெளியான ஆர்.டி.ஏ. பட்டியலாக்க விதிகள் எஃப்.ஆர்.பி.ஆர்.ஐ அடிப்படையாகக் கொண்டவை, பின்னர் எல்.ஆர்.எம்.முக்கு ஏற்பத் திருத்தப்பட்டன. மார்க்குக்கு மாற்றாகக் காங்கிரஸ் நூலகம் உருவாக்கிய பிப்ஃபிரேமின் 2016ஆம் ஆண்டுப் பதிப்போ மூன்று அடுக்குகளோடு நிற்கிறது. படைப்பும் வெளிப்பாடும் அதில் ஒரே வகுப்புக்குள் அடங்குகின்றன. இதனால் ஆர்.டி.ஏ. விதிப்படி நான்கு அடுக்குகளில் விவரிக்கப்படும் நூல், பிப்ஃபிரேமில் மூன்றாகச் சுருக்கிப் பதியப்படுகிறது. இரு கட்டமைப்புகளுக்கும் இடையே தரவை இழப்பின்றி மாற்றுவது இத்துறையின் தீராத சிக்கல்களில் ஒன்று.