வீட்டுக் கோழியும் சிறுவாட்டுக் காசும்

முற்றத்தில் காயும் உணவைத் தின்ன வந்த கோழியைக் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் காதுக் குழையை எறிந்து விரட்டியதாகப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆக, தமிழர் முற்றத்தில் கோழி மேய்வது சுமார் 2000 ஆண்டுப் பழக்கம்.

கிராமத்தில் கோழிக்கென்று தீனி வாங்குவதில்லை. மிஞ்சிய சோறு, நொய், தவிடு, கீரைத்தண்டு, காய்கறித் தோல் போதும். மீதியைக் கோழியே குப்பையைக் கிளறித் தேடிக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்து மக்களும் முட்டை ரேஷனை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு அரசு தந்த தீவனத்தோடு சமையலறை மிச்சத்தைக் கலந்து போட்டுக் கோழி வளர்த்தார்கள்.

1970களுக்குப் பின் நாமக்கல்லில் பண்ணைகள் பெருகின. அங்கே மக்காச்சோளம், சோயா எல்லாம் விலைக்குத்தான்; உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனமே.

வீட்டுக் கோழிக்கு அந்தச் செலவு இல்லை. முட்டை விற்ற காசு பெண்களின் சிறுவாடு. தொழிற்பேட்டை வந்துவிட்ட புதுவை சேதராப்பட்டு போன்ற ஊர்களில் மேய இடம் குறைந்தாலும் அடுப்படி மிச்சம் குறையவில்லை. அதைக் குப்பைத்தொட்டியில் கொட்டினால் நஷ்டம் யாருக்கு? அந்தச் சிறுவாட்டுக்குத்தான்!