பத்திரத்தைப் பிழிந்த கதை

போன வாரம் ஊரிலிருந்து தங்கை அப்பாவின் கிரயப் பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பினாள். 12 பக்கம், 18 எம்பி. "ரெண்டு எம்பிக்கு மேல ஏத்த முடியலண்ணே, ஏதாவது பண்ணு." புனேயில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன உதவி செய்துவிட முடியும்? லினக்ஸில் கறுப்புத் திரையைத் திறந்தேன்.

முதலில் ஜிஸிப். 18 எம்பி அப்படியே 18 எம்பிதான். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு.

1977இல் இஸ்ரேலின் ஆப்ரகாம் லெம்பெலும் ஜேக்கப் ஸிவும் ஒரு வழி சொன்னார்கள். முன்னால் வந்த தொடர் மறுபடி வந்தால் முழுசாக எழுதாதே, 'இத்தனை எழுத்து பின்னால் போய் எடுத்துக்கொள்' என்று குறிப்பு மட்டும் போடு. நம் பத்திர எழுத்தர்கள் 'மேற்படி' போடுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். ஓர் எழுத்துகூடத் தொலையாது. அவர்களுடைய 1978ஆம் வருட முறையை 1984இல் டெரி வெல்ச் மாற்றியமைத்தார். அதற்கு யுனிசிஸ் கம்பெனியிடம் காப்புரிமை இருந்ததால், 1992இல் ழான்-லூ கய்யியும் மார்க் ஆட்லரும் 1977 முறையை வைத்து இலவசமாகத் தந்ததுதான் ஜிஸிப். 1996இல் பிடிஎஃபுக்குள்ளும் அதே முறை புகுந்தது. ஸ்கேன் படங்களோ ஜேபெக்காக ஏற்கெனவே சுருங்கியவை. சக்கையை மறுபடி ஆலையில் விட்டால் சாறு வருமா?

அடுத்தது கோஸ்ட்ஸ்க்ரிப்ட், பீட்டர் டாய்ச் 1988இல் வெளியிட்டது. இது படத்தின் புள்ளிகளையே குறைத்துவிடும். 'ஸ்க்ரீன்' என்று போட்டால் அங்குலத்துக்கு 72 புள்ளி, 'ஈபுக்' என்றால் 150. நான் ஸ்க்ரீன் போட்டேன். 900 கேபி! பெருமையாக அனுப்பி வைத்தேன்.

பத்து நிமிடத்தில் போன். "அண்ணே, சர்வே நம்பர் 136ஆ, 138ஆ?"

வயிற்றைக் கலக்கியது. 2013இல் ஜெர்மனியில் டேவிட் க்ரீசல் என்பவர் கண்டுபிடித்த விவகாரம் நினைவுக்கு வந்தது. ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தால் அறைகளின் அளவு மாறி வந்தது. இடத்தை மிச்சப்படுத்த, ஒரே மாதிரித் தெரியும் உருவங்களை ஒன்றாகவே சேமித்ததில் 6 இருந்த இடத்தில் 8 உட்கார்ந்துகொண்டது. மங்கலாக இல்லை, பளிச்சென்று, தப்பாக! ஜெராக்ஸ் பிறகு மென்பொருளைத் திருத்தியது. அதற்கு என்னுடைய மங்கலே தேவலை, தங்கைக்குச் சந்தேகமாவது வந்தது.

மறுபடி ஈபுக், கூடவே வண்ணத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் நிறம். 1.8 எம்பி. இந்தத் தடவை போனை வைக்காமல், பீரோவிலிருந்து மூலப் பத்திரத்தை எடுக்கச் சொல்லி, சர்வே நம்பர், நான்கு எல்லை, பரப்பு எல்லாவற்றையும் அவள் வாசிக்க நான் திரையில் சரிபார்த்தேன்.

136தான்.