கல்யாணம் ஆனா சரியாயிடுமா?

எங்க வீட்டில் அக்காவுக்கு மாசாமாசம் வயிற்று வலி வரும்போது ரெண்டு மருந்து ரெடியா இருக்கும். ஒண்ணு, மோரில் ஊற வெச்ச வெந்தயம். இன்னொண்ணு, அத்தை சொல்லும் "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்". ஒரு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. "மாசாமாசம் இதே டிராமாவா?"ன்னு கேட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, நான்தான்.

கல்யாணம் ஆச்சு. சரியாகலை. போன வருஷம், அவளோட 31-வது வயசில், ஸ்கேனும் லேப்ராஸ்கோப்பியும் செய்த ஒரு டாக்டர் அந்த வலிக்குப் பேர் சொன்னார்: எண்டோமெட்ரியோசிஸ். 14 வயசில் ஆரம்பித்த வலிக்கு 17 வருஷம் கழித்து ஒரு பேர்! குற்ற உணர்ச்சியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தப் பதிவு.

கருப்பையின் உள்பக்கச் சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடல் மேலோ வளர்வதுதான் இந்த நோய். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது உண்டு. கண்டுபிடிக்கவே சராசரியாக 4 முதல் 12 வருஷம் ஆகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அத்தையின் வசனம் எவ்வளவு பழசு தெரியுமா? கி.மு. 5, 4-ம் நூற்றாண்டுகளின் ஹிப்போகிராட்டிஸ் பெயரிலான கிரேக்க நூல்களில் கருப்பை உடம்புக்குள் ஊர்ந்து திரியும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இடத்துக்குக் கொண்டுவர மூக்கில் நாற்றமும் கீழே நறுமணப் புகையும் காட்டணுமாம். நிரந்தரத் தீர்வு? கல்யாணம், குழந்தை. அவர்கள் பார்த்ததெல்லாம் இதே நோய்தான்னு சொல்ல முடியாது. ஆனா மருந்துச்சீட்டு மட்டும் அச்சு அசல் அத்தையுடையது.

அடுத்து 1875, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லின் என்ற ஊர். 1873-ன் பொருளாதார வீழ்ச்சியில் கணவர் நொடித்துப் போக, லிடியா பிங்கம் என்ற அம்மா வீட்டு அடுப்பில் காய்ச்சிய மூலிகைக் கஷாயத்தை விற்க ஆரம்பித்தார். அதில் என்னென்ன? சில காட்டு வேர்கள், அப்புறம் நம்ம வெந்தயம்! கூடவே 18 சதவீதத்துக்கும் மேல் ஆல்கஹால். இத்தனைக்கும் அவர் மதுவிலக்கு ஆதரவாளர் :-) மாதவிடாய் வலி முதல் கருப்பை இறக்கம் வரை எல்லாத்துக்கும் இதுவே மருந்து என்று விளம்பரம்.

மோசடின்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம். ஆனா பெண்கள் தங்கள் வலியை அவருக்குக் கடிதமாக எழுதினார்கள், பதிலும் வந்தது. ஊர் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல முடியாததைச் சொல்ல ஓர் இடம். 1883-ல் அவர் இறந்த பிறகும் "திருமதி பிங்கமுக்கு எழுதுங்கள்" என்ற விளம்பரம் நிற்கவில்லை. 1905-ல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறைப் படத்தைப் போட்டு குட்டை உடைத்தது. ஆக, கஷாயம் விற்றதற்குப் பாதிக் காரணம், கேட்க ஒரு காது இருந்ததுதான்னு எனக்குத் தோணுது.

நோய்க்குப் பேர் வந்தது 1920-களில். நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் இருந்த ஜான் சாம்ப்சன், சினைப்பையில் சாக்லேட் நிறத்தில் பழைய ரத்தம் நிரம்பிய கட்டிகளைப் பற்றி 1921-ல் எழுதினார். மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் உள்ளே ஒட்டிக்கொள்கிறது என்பது அவருடைய 1927 கட்டுரையின் விளக்கம். ஆனா பெரும்பாலான பெண்களுக்கு ரத்தம் அப்படிப் பின்னோக்கிப் போகிறது, நோய் வருவதோ சிலருக்குத்தான். பக் ரிப்போர்ட் வந்தாச்சு, முழுக் காரணம் இன்னும் கையில் சிக்கலை.

நோய்க்குப் பேர் வெச்சாச்சே, இனியாவது உருப்படும்னு பார்த்தால், 1940-களில் பாஸ்டனின் பிரபல டாக்டர் ஜோ மெய்க்ஸ், தாமதமான கல்யாணமும் தாமதமான பிள்ளைப்பேறும்தான் காரணம் என்றார். மறுபடியும் அத்தை! கர்ப்ப காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி குறையலாம், அவ்வளவே. நோய் போவதில்லை. சிகிச்சைக்காகவே கர்ப்பம் ஆகச் சொல்லக் கூடாது என்று ஐரோப்பிய நிபுணர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. 2,400 வருஷ வசனத்துக்கு எழுத்தில் ஒரு முற்றுப்புள்ளி. 1980-ல் மில்வாக்கியில் நோயாளிப் பெண்களே சங்கம் ஆரம்பித்து, டாக்டர்கள் கேட்கும்வரை பேசியதும் இந்தக் கதையில் முக்கியமான திருப்பம்.

சரி, வெந்தயம், யோகா, அக்குபங்சர் எல்லாம்? அதே 2022 வழிகாட்டுதல், அக்குபங்சர், சீன மருத்துவம், உணவு முறை, உடற்பயிற்சி எதையும் வலிக்காகப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் வலிக்கு அக்குபங்சர் பற்றிய 2011 காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் தேறியது ஒரே ஒரு பரிசோதனை, 67 பெண்கள். சாதாரண மாதவிடாய் வலிக்கு மட்டும் வயிற்றில் வைக்கும் சூடு ஐபுப்ரோஃபெனுக்குச் சமமாக வேலை செய்ததாக 2001-ல் ஒரு ஆய்வு வந்தது. "ஆதாரம் போதாது" என்றால் "பொய்" என்று அர்த்தமில்லை. "டாக்டரை விட்டுட்டு இதை மட்டும் நம்பு" என்றும் அர்த்தமில்லை. கூட வெச்சுக்கலாம், பதிலா வெச்சுக்கக் கூடாது.

அக்கா இப்போ டாக்டர் கொடுத்த ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாள். கூடவே நடை, கொஞ்சம் யோகா, வெந்நீர்ப் பை. வெந்தயமும் உண்டு, அம்மாவின் திருப்திக்காக. போன மாசம் அந்தப் பொங்கல் டயலாக்குக்காக மன்னிப்பு கேட்டேன். "அதை விடுடா, அந்தப் பையில வெந்நீர் ஊத்திட்டு வா"ன்னாள்.

ஊத்திட்டு வந்தேன். உங்க வீட்டிலும் யாராவது சுருண்டு படுத்திருந்தால், வசனம் பேசாமல் ஒரு தடவை கேட்டுப் பாருங்க மக்களே.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை.