மலையோடையில் வந்தேறிய மீன்

பேராதனை வளாகத்தைத் தழுவியோடும் மகாவலியின் தலையூற்றுகளுட் சில ஓட்டன் சமவெளியில் உள்ளன. அக்குளிர்ந்த ஓடைகளில் மீனில்லாமையைத் தோட்டத் துரைமார் ஒரு குறையாகவே கண்டனர். தூண்டில் விளையாட்டுக்கென 1882இல் பிரித்தானியாவிலிருந்து பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் நுவரெலியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. அவ்வினம் வேரூன்றவில்லை; பின்னர் வந்த வானவில் டிரவுட்டே சமவெளியில் நிலைத்தது. நீரோட்டத்தை எதிர்நோக்கிக் கல்மறைவில் நின்று, மிதந்துவரும் பூச்சியைக் கவ்வுவது அம்மீனின் இயல்பு. தூண்டிற்காரர் இறகாற் செய்த பொய்ப்பூச்சியை வீசுவதும் இதனாலேயே.

1840ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம், எதிர்மாறு நிறுவப்படும்வரை காடுகளை முடிக்குரியனவெனக் கொண்டது. ஆளில்லாக் காடு, மீனில்லா ஓடை: இரண்டையும் ஒரே கண் கொண்டே நோக்கினர் என்பது எமது கருத்து. ஓடையோ வெறுமையாய் இருந்ததில்லை. உலகில் வேறெங்கும் காணப்படாத சிற்றிறால் இனமொன்று அங்கு வாழ்கின்றது. டிரவுட் அதனையும் உண்கின்றது.