யாழ்ப்பாணக் குளங்களும் தோட்டக் கிணறுகளும்

வற்றாத ஆறெதுவுமற்ற யாழ்ப்பாணக் குடாநாட்டின் வேளாண்மை வரலாற்றை நோக்குமிடத்து, வயல்களிடையே அமைந்த குளங்களையும் தாழ்நிலங்களையும் வீண்நிலமெனக் கொள்ளுதல் பொருந்தாது என்பதே எமது கருத்தாகும்.

வடகீழ்ப் பருவமழை நீர் இவற்றில் தேங்கிச் சுண்ணக்கற் பாறையூடாக ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. தோட்டக் கிணறுகள் நம்பியிருப்பது இந்நீரையே. கோடையில் அகழ்ந்தெடுத்த குளத்து வண்டல் எருவாகவும் பயன்பட்டது. 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாட்டின் பயனாக மிளகாயும் வெங்காயமும் ஈட்டித்தந்த வருவாய்க்கும் இந்நிலத்தடி நீரே ஆதாரமாயிற்று.

எனினும், துலாவும் பட்டையும் மறைந்து நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகியபோது இறைப்பு மிகுந்தது. மறுபுறம் குளங்கள் பல தூர்ந்தும் நிரப்பப்பட்டும் போயின. எடுப்பது பெருகி ஊறுவது குறையின் உவர்நீர் மேலெழும். ஆதலின் குளமொன்றைத் தூர்த்தல் அயற்கிணறுகளின் ஊற்றைத் தூர்த்தலேயாம் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.