சித்திரப் பாடசாலையும் வாயு விளக்கும்

ஒரு துணியிலே எந்தப் பூ எவ்விடத்தில் அமையவேண்டும், ஒரு தேநீர்க் கெண்டியின் மூக்கு எவ்வளவு வளையவேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பவர் யார்? அத்திறமையைத் தொழிலாளி ஒருவரின் பிள்ளை எங்கே சென்று கற்பது? இக்கேள்வியை ஓர் அரசாங்கம் தன்னுடைய கேள்வியாக ஏற்றுக்கொண்ட வரலாறொன்றை இன்று கூற விரும்புகின்றேன்.

அவ்வரசாங்கம் இங்கிலாந்தின் அரசாங்கம். அது இவ்விடயத்தில் இறங்கியது பிள்ளைகள்மீது கொண்ட அன்பினால் அன்று. வியாபாரத்தைப் பற்றிய அச்சத்தினால். இங்கிலாந்தின் ஆலைகள் மலிவாகத் துணி நெய்தன. ஆயினும் செல்வர்கள் பிரான்ஸ் நாட்டுப் பட்டின் கோலத்தையே நாடினர். 1835ஆம் ஆண்டில் வில்லியம் யூவாட் என்பவரின் முயற்சியால் பாராளுமன்றக் குழுவொன்று இதனை ஆராயத் தொடங்கியது. மறு வருடம் 1,500 பவுண் ஒதுக்கப்பட்டது. 1837ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி, றோயல் அக்கடமி விட்டுச் சென்ற சமர்செற் மாளிகை அறைகளில் அரசினர் வடிவமைப்புப் பாடசாலை திறக்கப்பட்டது. மஞ்செஸ்ரர் நகரில் 1838இலும், பேர்மிங்காமில் 1843இலும், கிளாஸ்கோவில் 1845இலும் அத்தகைய பாடசாலைகள் எழுந்தன.

இலண்டன் பாடசாலையின் ஆரம்ப விதிகளுள் ஒன்று விந்தையானது. மனித உருவத்தை வரையப் பயில்வது தடுக்கப்பட்டிருந்தது. உருவம் வரையக் கற்றவன் துணிக்கும் தட்டுக்கும் கோலம் அமைக்கும் தொழிலை விட்டு ஓவியனாகிவிடுவான் என்பதே பயம். தொழிலாளியின் மகனுக்குக் கல்வி வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும் என்ற மனப்பான்மை இதிலே தெரிகின்றது. கற்பிக்க வந்தவர்களோ பெரும்பாலும் ஓவியர்கள். தறியில் ஒரு கோலம் எவ்வாறு ஏறும் என்பதை அறிந்தோர் அவர்களுட் சிலரே. வாயில் திறந்தாயிற்று, உள்ளே தக்க ஆசிரியர் இல்லை.

ஆயினும் திறந்த வாயிலுக்கு ஒரு பயன் உண்டு. 1847ஆம் ஆண்டில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே சேர்ந்தான். அவன் பெயர் கிறிஸ்ரோபர் டிரெசர். தந்தை வரி உத்தியோகத்தர். சிறுவன் அங்கே தாவரங்களின் அமைப்பில் மனத்தைச் செலுத்தினான். ஓர் இலை தண்டிலே எந்த ஒழுங்கில் அமைகின்றது என்பதிலிருந்தே அலங்காரத்தின் இலக்கணத்தை அறியலாம் என்று கண்டான். பிற்காலத்தில் அவர் ஆக்கிய தேநீர்க் கெண்டிகளை இன்று காண்போர், அவை நூறு வருடங்களுக்கு மேற்பட்டவை என்பதை எளிதில் நம்பமாட்டார்கள்.

பெண்களுக்கென 1842இல் ஒரு பிரிவு தொடங்கியது. பனி மக்கியன் என்ற ஓவியப் பெண்மணி அதற்குத் தலைமை தாங்கினார். தாமே உழைத்து வாழவேண்டிய நிலையில் இருந்த பெண்கள் பலர் அங்கே இடம் தேடி வந்தனர். இடநெருக்கடியைக் காரணமாகக் காட்டி 1848இல் அப்பிரிவை ஸ்ராண்ட் வீதிக்கு மாற்றினார்கள். அதுவும் ஒரு சவர்க்காரக் கடையின் மேல்மாடிக்கு! வெளிச்சமே மூலதனமான ஒரு பாடத்துக்கு வெளிச்சம் குன்றிய அறைகளை ஒதுக்கியவர்களின் மனத்தை என்னவென்பது? பின்னர் 1859இல் அரசாங்கம் தன் உதவியை நிறுத்தத் தீர்மானித்தபோது, பாடசாலை மூடப்படவில்லை. நன்கொடை திரட்டி, குயின் சதுக்கத்தில் வீடொன்று பெற்று, அதனை நடத்தினார்கள்.

இதற்கிடையே, 1852ஆம் ஆண்டிலே, ஹென்றி கோல் என்ற உத்தியோகத்தரிடம் இத்துறை முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. பிடிவாதக்காரர், ஆனால் குறை எங்கே உள்ளது என்பதை அறிந்தவர். முதலிலே ஆசிரியரைப் பயிற்றவேண்டும் என்றார். மார்ல்பரோ மாளிகையில் சித்திர ஆசிரியருக்கான பயிற்சி வகுப்புகள் நடந்தன. அங்கேயே பொருட்காட்சி ஒன்றும் அமைத்தார். அதன் ஓர் அறையில், எவ்வாறு வடிவமைக்கக் கூடாது என்பதற்கு உதாரணமாகக் கடைச் சரக்குகளையே வைத்துக் குறை எழுதினார். உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தனர், அறை மூடப்பட்டது. கம்பளத்திலே பூ இருக்கலாகாது என்று சிறுமி ஒருத்தியை அதட்டும் உத்தியோகத்தரைத் தமது 1854ஆம் ஆண்டு நாவலில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் படைத்தமை கோலின் கூட்டத்தாரைக் கேலிசெய்தற்கே.

கேலிக்கு இடமிருந்தது உண்மையே. எனினும் கோல் செய்த இரு காரியங்களை மறத்தல் தகாது. இலண்டனுக்கு வர இயலாத மாணவரிடம் நல்ல பொருள்களைப் பெட்டிகளில் அடைத்துப் புகையிரதத்தில் அனுப்பினார். 1857இல் சவுத் கென்சிங்ரனில் நூதனசாலையைத் திறந்தபோது, வாயு விளக்கு ஏற்றி, இரவிலும் மக்களை உள்ளே விட்டார். பகல் முழுவதும் பட்டறையில் நிற்பவனுக்குப் பகலில் மட்டும் திறக்கும் கதவு, பூட்டிய கதவே அன்றோ? சில நாட்களில் நுழைவுக் கட்டணமும் இல்லை.

பாடத்திட்டம்தான் தடம் புரண்டது. இருபத்துமூன்று படிகள் கொண்ட அத்திட்டத்தில் மாணவன் சுதை வார்ப்புகளைப் பார்த்துப் பிரதி செய்துகொண்டே இருந்தான். பாண் துணுக்கால் அழித்து அழித்து ஒரே சித்திரத்துக்கு மாதக்கணக்காக நிழல் தீட்டினான். பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்ப ஆசிரியருக்குப் பணம் வழங்கப்பட்டதால், ஆசிரியரும் பரீட்சையையே கற்பித்தார். 1890இல் இங்கிலாந்தின் ஆரம்ப பாடசாலைகளில் சித்திரம் கட்டாய பாடமாயிற்று, ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்.

இம்முறை கடல் கடந்து தமிழகத்துக்கும் வந்தது. சென்னையில் 1850இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்ற வைத்தியர் தம் சொந்தப் பணத்தில் கலைப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார்; 1855இல் அதனை அரசாங்கம் ஏற்றது. சவுத் கென்சிங்ரனிலே பயின்ற ஈ. பி. ஹாவெல் 1884இல் அங்கே தலைமை ஏற்று, கிரேக்க வார்ப்புகளைவிட மாகாணத்தின் நெசவாளரும் கன்னாரும் கற்பிக்கக்கூடியது மிகுதி என்று உணர்ந்தார்.

நமது நாட்டிலும் ஒருவர் இதனைக் கண்டார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியான தமது சிங்களக் கலை நூலிலே, கண்டிக் கைவினைஞர் தம் பிள்ளைகளைப் பயிற்றிய முறையை விவரிக்கின்றார். பிள்ளை முதலில் வளைகோடுகளைப் பயின்றது; பின்னர் மரபுக் கோலங்களை மனத்திலிருந்தே வரையப் பழகியது. கற்பித்தவர் அத்தொழிலையே செய்பவர். ஆனால் அப்பட்டறையில் இடம் பெற்றது பெரும்பாலும் அக்குலத்துப் பிள்ளையே.

அதே 1908ஆம் ஆண்டிலேதான் குயின் சதுக்கத்துப் பெண்கள் பாடசாலை, இலண்டன் மாநகர சபை 1896இல் தொடங்கிய மத்திய கைப்பணிப் பாடசாலையுடன் இணைக்கப்பட்டது. அங்கே வகுப்புகள் மாலையில் நடந்தன. கற்பித்தோர் அச்சுக்கலைஞரும், புத்தகங் கட்டுவோரும், வெள்ளி வேலை செய்வோருமான கைவினைஞர்களே.